ஊட்டிக்குப் போகும் பழைய டீசல் வண்டி: ரேடியேட்டரில் தண்ணீர் மட்டும் போதுமா?

கேள்வி, 11 நவம்பர் 2024, நெல்லிக்குப்பம் வாசகர்

அப்பா ஓட்டிய 2003 குவாலிஸ் இப்போது என் கையில். பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு ஊட்டி போகிறோம். ரேடியேட்டரில் இத்தனை வருடமும் போர் தண்ணீர்தான், உறையாமல் தடுக்கும் திரவமான கூலண்ட் இல்லை. மெக்கானிக் "கூலண்ட் எல்லாம் காஷ்மீர்க்காரனுக்கு, நம்ம கடலூருக்கு எதுக்கு" என்கிறார். அவர் சொல்வது சரிதானே அண்ணா?

11 நவம்பர் 2024, இரவு

சரியில்லை தம்பி. கடலூருக்குள் ஓட்டும்வரை அந்தத் தண்ணீர் அமைதியாக இருக்கும். ஊட்டியில் ஒரே இரவில் வேலையைக் காட்டிவிடும்.

என்னிடமும் குவாலிஸ்தான், 2002 மாடல். மஞ்சக்குப்பத்தில் வீட்டு வாசலில் நிற்கிறது. 2019 ஜனவரியில் ஊட்டியை அடுத்த தலைகுந்தா பக்கம் ஒரு விடுதியில் இரண்டு நாள் தங்கினோம். இரண்டாம் நாள் விடிகாலையில் எழுந்து பார்த்தால் புல்வெளி முழுக்க வெள்ளை, கண்ணாடிமேல் உறைபனி. செல்ப் அடித்தேன், அடித்தேன், பேட்டரி இறங்கும்வரை அடித்தேன். வண்டி எழுந்திருக்கவே இல்லை. ஒன்பது மணிக்கு வெயில் பானட்மேல் விழுந்த பிறகு, பக்கத்து வேன் டிரைவர் பேட்டரி கொடுத்து உதவ, வெள்ளைப் புகையாகக் கக்கிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது. டீசல் உறைந்துவிட்டது, அதுதான் காரணம்.

அன்று என் ரேடியேட்டரில் கூலண்ட் இருந்ததால் இன்ஜின் பிழைத்தது. தண்ணீர் பனிக்கட்டியானால் சுமார் 9 சதவீதம் விரியும். வார்ப்பிரும்பாலான இன்ஜின் பிளாக்கால் அந்த விரிவுக்கு ஈடுகொடுக்க முடியாது. பிளாக்கில் பொருத்திய வட்டத் தகட்டு மூடியான வெல்ஷ் பிளக் பிதுங்கி விழுவது அதிர்ஷ்டம் இருந்தால். இல்லாவிட்டால் பிளாக்கே வெடிக்கும்.

மலைக்குப் போகும் முன்பு கூலண்ட் ஊற்றுங்கள். ஊருக்குள் ஓட்டுவதற்கு டிஸ்டில்டு வாட்டர் போதும்.

12 நவம்பர் 2024

நேற்று எழுதியதில் கடைசி வரி தவறு. ராத்திரி படுத்தபோதே உறுத்தியது. ஊருக்குள்ளும் கூலண்ட்தான் வேண்டும்.

உறையாமல் தடுப்பது கூலண்டின் பாதி வேலைதான். மீதிப் பாதி, உள்ளே துருப்பிடிக்காமல் காப்பது. டிஸ்டில்டு வாட்டரில் உப்பு இல்லை, ஆனால் துருவைத் தடுக்கும் மருந்தும் இல்லை. இரும்பு பிளாக், பித்தளையும் ஈயப்பற்றும் உள்ள பழைய ரேடியேட்டர் எல்லாம் ஒரே தண்ணீரில் நனைந்துகொண்டிருக்கும்போது, மருந்து இல்லாவிட்டால் எது பலவீனமோ அது முதலில் கரையும்.

பண்ருட்டி நண்பர் கேட்டிருக்கிறார், தண்ணீரே கலக்காமல் முழுக்கக் கூலண்டையே ஊற்றினால் இன்னும் நல்லதா என்று. வேண்டாம். கூலண்டின் மூலப்பொருளான எதிலின் கிளைகாலும் தண்ணீரும் சரிபாதியாக இருந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரிவரை உறையாது. கிளைகால் மட்டும் என்றால் மைனஸ் 13-லேயே கெட்டியாகிவிடும். அதோடு, வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீருக்கு நிகர் இல்லை. தண்ணீரைக் குறைக்கக் குறைக்க ஏற்றத்தில் இன்ஜின் சூடாகும். ஊட்டி மட்டும் என்றால் 30 சதவீதமே மைனஸ் 15 அளவுக்குத் தாங்கும். நான் பாதிக்குப் பாதிதான் ஊற்றுகிறேன். துருத்தடுப்பு மருந்தும் அந்த அளவில்தான் முழுதாக வேலை செய்யும்.

14 நவம்பர் 2024

போர் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் வண்டிகளுக்கு இதுதான் முதல் வியாதி.

கடற்கரையிலிருந்து நாலைந்து கிலோமீட்டருக்குள் எடுக்கும் போர் தண்ணீரில் சோறு வடித்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு நிற்கும். அதே தண்ணீர் தினமும் 85, 90 டிகிரிக்குச் சூடாகி ஆறுவதுதான் ரேடியேட்டர். நான் இந்த வண்டியை 2011-இல் வாங்கினேன். முதல் வேலையாக ரேடியேட்டரைக் கழற்றிக் கொடுத்தபோது, மேல் தொட்டியைத் திறந்து காட்டினார்கள். குழாய்களில் மூன்றில் ஒரு பங்கு அடைப்பு, உடைத்த சுண்ணாம்பு மாதிரி. பிளாக்கின் பின்புறத்து வெல்ஷ் பிளக் ஒன்று காகிதம் போல் மெலிந்து, விரலால் அழுத்தினால் உள்ளே போனது. அதுவரை அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது துரு. சுத்தம் செய்ததும் ஒழுக ஆரம்பித்தது.

தம்பி, உங்கள் வண்டியிலும் இதை எதிர்பாருங்கள். இருபது வருடம் போர் தண்ணீர் குடித்த இன்ஜினில் புதுக் கூலண்ட் ஊற்றினால், மறுவாரம் ஒழுகும். உடனே "கூலண்ட் ஊற்றினதால்தான் ஒழுகுது" என்பார்கள். இல்லை, முன்பே ஓட்டை இருந்திருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், ஜனவரி வரைக்கும் காத்திருக்காமல் இப்போதே ஊற்றுங்கள். ஒழுகுவது இங்கேயே ஒழுகட்டும்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டரின் கீழே தண்ணீரை வடிக்கும் காக் திருகையும் பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள காக் திருகையும் திறந்து வடியுங்கள். பிளாக்கின் காக் திருகைப் பலர் தொடுவதே இல்லை, அதனால் பழைய தண்ணீர் பாதி உள்ளேயே தங்கிவிடும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, கேபினில் ஹீட்டர் இருந்தால் அதையும் திறந்து வைத்து, ஓட்டி, வடியுங்கள். நிறம் தெளியும்வரை மூன்று நாலு முறை ஆகும். எனக்கு ஐந்து முறை ஆனது. கூலண்ட் கலந்ததை வடித்தால் சாக்கடையில் ஊற்றாதீர்கள், வாசலில் விடாதீர்கள். கிளைகால் இனிக்கும். நாய், ஆடு நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும்.

பச்சைக் கூலண்டில் சிவப்பை ஊற்றிக் கலக்க வேண்டாம். இரண்டின் மருந்தும் வேறு வேறு. சில ஜோடி சேர்ந்தால் கூழாகிக் குழாயை அடைக்கும்.

ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிடுங்கள். விலை சொற்பம், வேலை பெரிது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். மூடியின் ஸ்பிரிங் அழுத்தம் பிடித்தால் கொதிநிலை சுமார் 20 டிகிரி உயரும். ரப்பர் இற்றுப்போன மூடி அழுத்தம் பிடிக்காது. ஏற்றத்தில் வண்டி கொதித்து நிற்பதற்குப் பல நேரம் இந்த மூடிதான் காரணம்.

17 நவம்பர் 2024

நெய்வேலி நண்பர் என்னை நேராகவே மறுத்திருக்கிறார்: "பூஜ்யம் டிகிரிக்கெல்லாம் டீசல் உறையாது. ஊட்டியில் ஆயிரம் டீசல் வண்டி ஓடுகிறது, எல்லாம் காலையில் ஸ்டார்ட் ஆகிறதே?"

நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன்.

டீசல் தண்ணீர் மாதிரி ஒரே புள்ளியில் உறைவதில்லை. அதற்குள் மெழுகு கரைந்திருக்கிறது. குளிர ஆரம்பித்தால் முதலில் மெழுகு துகளாகப் பிரிந்து டீசல் மங்கும். இன்னும் குளிர்ந்தால் அந்தத் துகள்கள் பில்டர் தாளை அடைக்கும். அதற்கும் கீழே போனால் டீசலே ஓடாது. இந்திய டீசலுக்கான தரம் ஐஎஸ் 1460. அதன்படி நவம்பர் முதல் பிப்ரவரிவரை விற்கும் டீசல் 6 டிகிரிவரை பில்டரை அடைக்காமல் ஓட வேண்டும். மற்ற எட்டு மாதமும் 18 டிகிரிவரை ஓடினாலே போதும். இது கம்பெனிகள் மீறக்கூடாத எல்லை, அவ்வளவுதான். உண்மையில் வரும் டீசல் இதைவிட நன்றாகவே இருக்கலாம். நண்பர் சொல்லும் ஊட்டி வண்டிகள் அப்படித்தான் ஓடுகின்றன.

ஆனால் என் கதையில் ஒன்று இருக்கிறது. 2018 செப்டம்பரில் டேங்க் நிரப்பிவிட்டு இரண்டு மாதம் வண்டியை எடுக்கவே இல்லை. டிசம்பரிலும் உள்ளூர் ஓட்டம்தான். போகும் வழியில் சேலத்தில் கொஞ்சம் போட்டேன். அன்று தலைகுந்தாவில் என் டேங்கில் இருந்ததில் பெரும்பகுதி கோடைக்கால டீசல். உள்ளூர் டாக்சிக்காரர் தினம் போட்டுத் தினம் ஓட்டுகிறார். அவர் டேங்கில் அப்படிப் பழசு நிற்காது.

அதனால் டீசல்தான் காரணம் என்பதை இன்னும் விடவில்லை. ஆனால் முழுக் காரணமா என்று சந்தேகம் வந்துவிட்டது.

18 நவம்பர் 2024

"கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் தீர்ந்தது" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். செய்யாதீர்கள். நம் பழைய வண்டிகளில் டீசல் பம்புக்குத் தனி ஆயில் கிடையாது, ஓடும் டீசல்தான் அதற்கு ஆயில். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு இல்லை. பம்ப் உள்ளே தேய்ந்தால் வரும் செலவில் இரண்டு முறை ஊட்டி போய்வரலாம். சட்டப்படியும் அது கலப்படம்.

24 நவம்பர் 2024

நெய்வேலி நண்பருக்காக ஒரு சோதனை செய்தேன்.

முதுநகர் துறைமுகத்தில் மீனுக்குப் போடும் ஐஸ் ஒரு கூடை வாங்கிவந்தேன். கல் உப்பு மரக்காணத்து உப்பு, வீட்டில் இருந்தது. கொல்லையில், அடுப்பு நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில், பிளாஸ்டிக் வாளியில் ஐஸும் உப்பும் மாறிமாறிப் போட்டேன். இப்படிக் கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரிக்கு மேல் இறங்கும். இரண்டு கண்ணாடி பாட்டிலில் டீசல்: ஒன்று போன வாரம் செம்மண்டலத்தில் போட்டது, இன்னொன்று ஜெனரேட்டருக்காக ஜூலையில் வாங்கி வைத்தது. இரண்டிலும் தெர்மாமீட்டர்.

ஜூலை டீசல் 7 டிகிரி வரும்போதே மங்கியது. எதிரே பிடித்த பேப்பரின் எழுத்து தெரியவில்லை. நவம்பர் டீசல் 2 டிகிரிக்குப் பக்கத்தில்தான் மங்க ஆரம்பித்தது. மைனஸ் 4-இல் ஜூலை பாட்டிலைச் சாய்த்தால் தேங்காயெண்ணெய் மார்கழியில் நகர்வது போல் சோம்பலாக நகர்ந்தது. நவம்பர் பாட்டில் கலங்கலாக இருந்தாலும் ஓடியது.

இரண்டு பாட்டிலை வைத்துப் பெரிதாக எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆனால் பழைய டீசலோடு மலையேறக் கூடாது என்பதை என் கண்ணால் பார்த்துவிட்டேன். இன்னொன்றும் பார்த்தேன், அதைத்தான் எதிர்பார்க்கவில்லை. ஜூலை பாட்டிலின் அடியில் ஒரு கடலை அளவு வெள்ளைக் கட்டி. எடுத்து உள்ளங்கையில் வைத்தேன், உருகியது. தண்ணீர்.

இதைப் பற்றி அடுத்து எழுதுகிறேன். வானிலை அறிக்கை நன்றாக இல்லை, மொட்டைமாடித் தகரத்தைக் கட்ட வேண்டும்.

6 டிசம்பர் 2024

பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியதும், அங்கே 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதும், அதன்பிறகு சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை ஊருக்குள் வந்ததும் உங்களுக்கெல்லாம் தெரியும். எங்கள் தெருவில் முழங்கால் அளவுதான். ஆற்றுக்குப் பக்கத்தில் என் அக்கா வீட்டில் இடுப்பளவு. இரண்டு நாள் அங்கேதான் இருந்தேன்.

தண்ணீரில் நின்ற வண்டி யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து சாவியைத் திருப்பிப் பார்க்காதீர்கள். டீசல் இன்ஜின் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளையும். ஏர் பில்டரைத் திறந்து பாருங்கள், ஈரமாக இருந்தால் மெக்கானிக் வரும்வரை தொடாதீர்கள். டிப்ஸ்டிக் எடுத்தால் ஆயில் பால் கலந்த காப்பி மாதிரி இருக்கிறதா? இருந்தால் முழு ஆயிலும் மாற்ற வேண்டும். கியர் பாக்ஸுக்கும் பின்சக்கர அச்சை மூடியிருக்கும் பின் ஹவுசிங்குக்கும் மூச்சுவிடும் சின்ன வால்வு உண்டு. ஓடிச் சூடான வண்டி திடீரென்று தண்ணீரில் இறங்கினால் ஹவுசிங் உள்ளே குளிர்ந்து அந்த வழியாகத் தண்ணீரை இழுக்கும். அக்கா வீட்டு பொலேரோவின் பின் ஹவுசிங்கை நேற்று திறந்தோம். முதலில் அரை டம்ளர் தண்ணீர், பிறகு மோர் மாதிரி ஆயில்.

தானே புயல் வந்த 2011 டிசம்பரிலும் இப்படித்தான். அப்போது இதையெல்லாம் திறந்து பார்க்க எனக்குத் தெரியாது.

9 டிசம்பர் 2024

பாட்டில் அடியில் இருந்த தண்ணீருக்குத் திரும்புகிறேன்.

டீசலைவிடத் தண்ணீர் கனம், அடியில் போய் உட்காரும். பாதி காலியான டேங்கில் நம் கடற்கரைக் காற்று போகவர, ராத்திரி குளிரில் உள்சுவரில் வியர்த்து வடியும். பில்டர் அடியில் உள்ள கிண்ணம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குவாலிஸில் அதற்கு ஒரு சின்னக் காக் இருக்கிறது. அரைச் சுற்று திருப்பி, மேலே உள்ள ஹேண்ட் பம்பை அழுத்தினால் தண்ணீர் வடியும். பத்து நிமிட வேலை. 2019-க்கு முன்பு நான் அதைத் தொட்டதே இல்லை.

தண்ணீர் பூஜ்யத்தில் உறையும். மெழுகைப் பற்றி இத்தனை நாள் விவாதித்தோம். கிண்ணத்தில் பாதி தண்ணீரோடு தலைகுந்தாவில் நின்ற வண்டியில் முதலில் கட்டியாகியிருக்கக்கூடியது அந்தத் தண்ணீர்தான்.

இதை எழுதிவிட்டுப் பழைய பில் கட்டை எடுத்துப் பார்த்தேன். 2019 ஜனவரிப் பயணம் முடிந்து பதினைந்து நாள் கழித்து ஒரு பில்: ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்குவது) இரண்டு, டீசல் பில்டர் ஒன்று. மாற்றியவர் ஏதோ சொன்னார், நான் காதில் வாங்கவில்லை. நாலு ஹீட்டர் பிளக்கில் இரண்டு செத்திருக்கின்றன! நம் ஊர் 25 டிகிரிக் காலையில் இரண்டு பிளக்கிலேயே வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும், குறை தெரியவே தெரியாது. ஊட்டியில் காற்றழுத்தமும் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். பிஸ்டன் அமுக்குவதற்குக் கிடைக்கும் காற்றே குறைவு, அதுவும் பனிக்காற்று. இரண்டு சிலிண்டர் டீசலைப் பற்றவைக்காமல் அப்படியே வெள்ளைப் புகையாகத் துப்பியிருக்கிறது.

ஐந்து வருடமாக எல்லோரிடமும் டீசல் உறைந்தது என்று சொல்லிவந்தேன். முதல் குறிப்பில் இங்கேயும் அதையே எழுதினேன். திருத்திக்கொள்ளுங்கள்: செத்த ஹீட்டர் பிளக் முதல் காரணம், பில்டரில் தண்ணீர் இரண்டாவது, பழைய டீசல் மூன்றாவது. நெய்வேலி நண்பருக்கு நன்றி.

தம்பி, உங்கள் பிளக்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். மேலே இணைக்கும் தகட்டைக் கழற்றி ஒவ்வொன்றாக மீட்டர் வைத்தால், நல்ல பிளக் ஒரு ஓம் அல்லது அதற்கும் கீழே காட்டும். செத்தது ஒன்றுமே காட்டாது. பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. சில பிளக்குகள் 12 வோல்ட்டுக்கும் குறைந்தவை, எரிந்துபோகும். டேஷ்போர்டில் பிளக் சூடாவதைக் காட்டும் சுருள் விளக்கு அணைந்த பிறகே செல்ப் அடிக்க வேண்டும். மலையில் சாவியை ஒருமுறை பின்னால் திருப்பி, மறுபடி சூடாக்கிவிட்டு அடியுங்கள்.

11 டிசம்பர் 2024

இன்ஜின் ஆயில் பற்றி மூன்று பேர். பழைய இன்ஜின் என்பதால் 20 டபிள்யூ 50 ஊற்றுகிறார்களாம். டபிள்யூ-வுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் செல்ப் எவ்வளவு சிரமப்படும் என்பதைக் காட்டுவது. 20 டபிள்யூ ஆயிலை மைனஸ் 15-இல் சோதிக்கிறார்கள், 15 டபிள்யூ-வை மைனஸ் 20-இல், 5 டபிள்யூ-வை மைனஸ் 30-இல். ஊட்டிக் குளிருக்கு 15 டபிள்யூ 40 தாராளம். பழைய டீசல் இன்ஜினில் 5 டபிள்யூ 30 ஊற்றச் சொல்லமாட்டேன், சூட்டில் மெல்லிசாகி சீல்களில் கசியும். எந்த ஆயிலானாலும் டீசலுக்கென்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

13 டிசம்பர் 2024

புதுச்சேரி குருசுக்குப்பம் நண்பர் ஒரு செய்தி போட்டிருக்கிறார். அவர் அண்ணன் பிரான்சில் லியோன் நகரத்தில் பழைய பெஜோ டீசல் வைத்திருக்கிறார். அங்கே நவம்பர் முதல் மார்ச்வரை பம்பில் வருவதே குளிர்கால டீசல்தான், மைனஸ் 15-வரை பில்டர் அடைக்காது. அக்டோபரில் நிரப்பிவிட்டு ஆல்ப்ஸ் மலையில் நிறுத்தியவர்கள் மாட்டிக்கொள்வார்களாம். என் செப்டம்பர் டேங்க் கதைதான், ஊர் மட்டும் வேறு.

லடாக்கின் லே பக்கம் ராணுவ லாரி ஓட்டிய என் மச்சான், விடிகாலையில் ஆயில் சம்புக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சூடாக்கியதைச் சொல்வார். 2019 நவம்பரில்தான் இந்தியன் ஆயில் லடாக்குக்கென்று மைனஸ் 33-வரை ஓடும் டீசலைக் கொண்டுவந்தது, பானிபட் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து. அந்தக் குளிரும் அந்த டீசலும் அங்கே. ஸ்டவ் வைக்கும் வேலையை ஊட்டி விடுதியில் யாரும் செய்துவிட வேண்டாம்.

புது வண்டிக்காரர் ஒருவருக்கு: உங்கள் டிஇஎஃப் (புகையைச் சுத்தமாக்க தனியாக ஊற்றும் திரவம்) மைனஸ் 11-இல்தான் உறையும். ஊட்டிக்குக் கவலை இல்லை.

20 டிசம்பர் 2024

மார்கழி பிறந்து ஐந்து நாள். திருப்பாதிரிப்புலியூர் கோயிலுக்கு விடிகாலை போனால் வண்டிக் கண்ணாடியெல்லாம் பனி வியர்வை. நம் ஊரின் உச்சக் குளிர் இதுதான்.

இன்று பிரேக் ஆயில். எல்லோரும் மலை ஏறுவதைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்குப் பயம் இறங்குவதில்தான்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், மூடி இறுக்கமாக இருந்தாலும் ஹோஸ் வழியாக. டாட் 3 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிவரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 போதும் கொதிக்க. டாட் 4-இல் அதே கணக்கு 230, 155. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம்வரை பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். காலை பிரேக்கிலேயே வைத்து இறங்கினால் சக்கரத்தருகே ஆயில் கொதித்துக் குமிழியாகும். குமிழியை அமுக்கலாம், பிரேக் பிடிக்காது. கால் பெடல் தரைவரை போகும்.

எனக்கு நடந்திருக்கிறது. 2014-இல், பர்லியாருக்குக் கொஞ்சம் மேலே. பின்சீட்டில் அம்மாவும் என் இரண்டு பிள்ளைகளும். இரண்டாவது கியருக்கு இழுத்து, ஹேண்ட் பிரேக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, பழக்கடை முன்னால் மண்ணில் ஏற்றி நிறுத்தினேன். அரைமணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி பெடல் திரும்ப வந்தது. அந்த ஆயிலை நான் வண்டி வாங்கிய நாளிலிருந்து மாற்றவில்லை. வடித்தபோது கஷாய நிறம்.

அதிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஒழுகினாலும் ஒழுகாவிட்டாலும், முழுசாக வடித்து மாற்றுகிறேன். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு அதுவே அதிகபட்சம். ஏறும் கியரிலேயே இறங்குங்கள். டீசல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் இன்ஜினை அணைக்கவே கூடாது. டீசல் வண்டியில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவத்தை இன்ஜின் ஓட்டும் பம்ப்தான் தருகிறது. இன்ஜின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்குமேல் பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

மெக்கானிக் காரணமே இல்லாமல் பிரேக் ஆயில் மாற்றச் சொன்னதாக யாராவது நினைத்தால், அவர் நல்லவர்.

6 ஜனவரி 2025

நேற்று இரவுதான் ஊட்டியிலிருந்து வந்தோம். தம்பிக்கு முன்னால் நானே ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று மனசுக்குள் இருந்தது.

வழி: விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர், சேலம், பவானி, அவினாசி, மேட்டுப்பாளையம். வீட்டிலிருந்து கால் டேங்கோடு கிளம்பி, அவினாசி தாண்டி நிரப்பினேன். மலையடிவாரத்தில் நிரப்பினால் தனி டீசல் கிடைக்கும் என்றில்லை, நாடு முழுக்க அதே நவம்பர்–பிப்ரவரி விதிதான். டேங்கில் பழசு மிஞ்சாமல் இருப்பதற்கும், ராத்திரி டேங்க் நிறைந்து நின்றால் உள்ளே வியர்க்க இடம் இல்லை என்பதற்கும்தான்.

அதே தலைகுந்தா பக்கம் தங்கினோம். 4-ஆம் தேதி காலை ஆறரை மணிக்கு வெளியே வைத்த தெர்மாமீட்டர் 1 டிகிரி. புல் வெள்ளையாக இருந்தது. சுருள் விளக்கு இரண்டு முறை, செல்ப் ஒரே முறை. இரண்டு வினாடி வெள்ளைப் புகை, பிறகு சீராக ஓடியது. மனைவி ஜன்னலிலிருந்து கைதட்டினாள். நான் பில்டரின் காக் திருகைத் திருப்பிப் பார்த்தேன், சுத்தமான டீசல்.

ஒன்றை மறந்தேன், வைப்பர் தண்ணீர். டேங்கில் வீட்டுக் குழாய்த் தண்ணீர். முன்கண்ணாடியில் உறைபனி. விசையை அழுத்தினால் ஒன்றும் வரவில்லை, நாசில் முனையில் பனிக்கட்டி. பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடிமேல் சுடுதண்ணீர் ஊற்றப் போனார், ஓடிப்போய்த் தடுத்தேன். குளிர்ந்த கண்ணாடியில் சுடுதண்ணீர் பட்டால் கீறல் ஓடும். இன்ஜினை ஓடவிட்டு, பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டினோம், கால்மணி நேரத்தில் தெளிந்தது. கடையில் விற்கும் வைப்பர் திரவம் ஒரு பாட்டில் போதும். ரேடியேட்டர் கூலண்டை அங்கே ஊற்றாதீர்கள், கண்ணாடி வழுக்கி வெளிச்சம் கூசும்.

இறக்கத்தில் பெடல் கடைசிவரை உயரமாகவே நின்றது.

15 ஜனவரி 2025

மாட்டுப் பொங்கல். இன்று என் குவாலிஸுக்கும் சந்தனம் குங்குமம்.

தம்பி எழுதியிருக்கிறார்: டிசம்பரிலேயே கூலண்ட் மாற்றினாராம், நாலாவது நாள் பக்கவாட்டு வெல்ஷ் பிளக் ஒழுகியது, மாற்றியாயிற்று. ஹீட்டர் பிளக்கில் ஒன்று செத்திருந்தது. பிரேக் ஆயில் புதுசு. நாளை மறுநாள் காலை நாலு மணிக்குக் கிளம்புகிறார்கள்.

நல்லது. நீலகிரிக்கு இ-பாஸ் இன்றே எடுத்துவிடுங்கள். கலந்த கூலண்டை ஐந்து லிட்டர் கேனில் கொண்டுபோங்கள். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் அங்கே தடை, சோதனைச்சாவடியில் வாங்கிவிடுவார்கள். நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

முதல் ராத்திரி தங்கியதும் மறுநாள் காலை, செல்ப் அடிப்பதற்கு முன்னால், ரேடியேட்டர் மூடியைத் திறந்து அளவு பாருங்கள். இன்ஜின் முழுசாக ஆறியிருக்கும் நேரம் அதுதான். குறைந்திருந்தால் வெல்ஷ் பிளக்குக்குக் கீழே தரையைப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் எத்தனை மணியானாலும் எனக்கு எழுதுங்கள், விழித்திருப்பேன்.